வீட்டில் வரலாறு கற்பிக்க வம்சாவளி: எந்த வழியில் தொடங்குவது?

பாடப்புத்தக வரலாறு பல பிள்ளைகளுக்குத் தேர்வோடு முடிந்துபோகிறது. ஆண்டுகள், அரசர்கள், போர்கள் என்று மனப்பாடம் செய்ததெல்லாம் அடுத்த வகுப்புக்குப் போவதற்குள் கரைந்துவிடும். சொந்தக் குடும்பத்தின் கதையைக் கையில் எடுத்தால் மனத்தில் ஒட்டும் என்று நினைக்கும் பெற்றோர் நிறைய. அந்த நினைப்பில் தவறில்லை. சிக்கல் அடுத்த படியில்தான். குடும்ப மரம் வரைவதா, தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கேட்பதா, பெட்டிக்குள் கிடக்கும் பழைய படங்களையும் பத்திரங்களையும் எடுத்துப் பார்ப்பதா, காலக்கோடு ஒன்றைச் சுவரில் ஒட்டுவதா, டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்புவதா? ஐந்தும் வம்சாவளி என்ற ஒரே பெயரில்தான் பேசப்படுகின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் பிள்ளை கற்றுக்கொள்வது வேறு.

இவற்றை எடைபோட நான் வைத்துக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பதில் சொல்லப் பிள்ளை பழகுகிறதா என்பது முதலாவது. "ஏன் அப்படி நடந்தது?" என்ற கேள்வி பிள்ளையை வீட்டு வாசலுக்கு வெளியே, ஊருக்கும் நாட்டுக்கும் உலகத்துக்கும் இழுத்துப் போகிறதா என்பது இரண்டாவது. இந்த இரண்டும் இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது உறவினர் பட்டியல் மட்டும்தான். அந்தப் பட்டியலுக்கும் பயனுண்டு, ஆனால் அதை வரலாற்றுப் பாடம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

குடும்ப மரம்

பெரும்பாலானோர் தொடங்குவது இங்கேதான். பள்ளியில் கொடுக்கும் செயல்திட்டமும் இதுதான். ஒரு பெரிய தாள், நாலு வண்ணப் பென்சில், ஒரு மாலைப்பொழுது போதும். ஏழு எட்டு வயதுப் பிள்ளையும் செய்துவிடும். பெரியப்பா என்றால் யார், ஒன்றுவிட்ட அண்ணன் எப்படி உறவு என்பதெல்லாம் தெளிவாகும். அந்த மாலையோடு வேலை முடிந்துவிட்டதாக எல்லோருக்கும் தோன்றிவிடுவதுதான் இதன் குறை. பெட்டிகள் நிரம்பின, தாள் அழகாக இருக்கிறது, சுவரில் ஒட்டியாயிற்று. கேள்வி எதுவும் பிறக்கவில்லை.

மரத்தைக் கேள்வி கேட்கும் கருவியாக மாற்ற ஒரு பழைய உத்தி இருக்கிறது. படம் வரையாமல் எண் கொடுப்பது. பிள்ளைக்கு எண் 1. அப்பா 2, அம்மா 3. அப்பாவின் அப்பா 4, அப்பாவின் அம்மா 5, அம்மாவின் அப்பா 6, அம்மாவின் அம்மா 7. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தையின் எண் வரும்; அதோடு ஒன்றைக் கூட்டினால் தாயின் எண். ஆஸ்திரியாவைச் சேர்ந்த மிகாயேல் ஐட்சிங்கர் 1590-இல் அச்சில் கொண்டுவந்த முறை இது. இன்றும் வம்சாவளி ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

இந்த எண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, 8 முதல் 15 வரை நிரப்பச் சொல்லுங்கள். கொள்ளுத்தாத்தாக்களும் கொள்ளுப்பாட்டிகளும் வரும் இடம் அது. பல வீடுகளில் 8, 10 போன்ற எண்களுக்கு நேரே பெயர் இருக்கும்; 9, 11, 13, 15 காலியாகக் கிடக்கும். ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பெண்கள். ஏன் இவர்கள் பெயர் மட்டும் யாருக்கும் தெரியவில்லை என்று பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நாம் கேட்க வேண்டும். அந்தக் காலி இடங்களிலிருந்து சொத்துரிமை, பெண்கல்வி, திருமணத்துக்குப் பின் பெயர் மாறுவது, பதிவேடுகளை யார் யாருக்காக எழுதினார்கள் என்பது வரை பேச்சு போகும். இது நம் வீட்டுக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. உலகின் மிக நீண்ட வம்சாவளிகளில் ஒன்று சீனத்துக் கன்பூசியஸ் குடும்பத்தினுடையது. அதில் பெண் வாரிசுகள் முதன்முதலாக இடம்பெற்றது 2009-இல் வெளியான பதிப்பில்தான். அந்தப் பதிப்பில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. கொரியாவின் பழைய குலப் பதிவேடுகளில் மகளுடைய இடத்தில் மருமகன் பெயரை எழுதிவைப்பது வழக்கம்.

இரட்டிப்புக் கணக்கு இன்னொன்றும் செய்யும். பத்துத் தலைமுறை பின்னே போனால் 1,024 முன்னோர். இருபது தலைமுறையில் 10,48,576. முப்பது தலைமுறையில் 107 கோடி. தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் அது சுமார் 750 ஆண்டுக்கு முன்பு, அன்றைய உலக மக்கள்தொகையோ ஏறத்தாழ 40 கோடிதான். அப்படியானால் கணக்கு எங்கே இடிக்கிறது? ஒரே மனிதர்கள் மரத்தின் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்பதுதான் விடை. தூரத்துச் சொந்தங்கள் ஒருவரையொருவர் மணந்துகொண்டே வந்திருக்கிறார்கள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இது ஒரு அருமையான கணக்குப் பாடம். "நம் வம்சம் தனி வம்சம்" என்ற எண்ணத்தையும் ஓசைப்படாமல் கழற்றிவிடும்.

கணினியில் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் பிறகு. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளம் இலவசம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தை மையமாகக் கொண்ட மார்மன் திருச்சபை நடத்துவது. உலகெங்கும் பழைய பதிவேடுகளைப் படமெடுத்த சுமார் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை எண்ணிம வடிவுக்கு மாற்றும் வேலையை 2021-இல் முடித்தார்கள். ஆனால் அங்குள்ள மரம் பொதுமரம். இறந்தவர்களைப் பற்றி நாம் எழுதியதை முன்பின் தெரியாத ஒருவர் வந்து திருத்த முடியும். யாரோ ஒருவர் போட்ட தவறான இணைப்பைப் பத்துப் பேர் நகலெடுத்தால் அது உண்மைபோல் நின்றுவிடும். சொந்தக் கணினியிலேயே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு கிராம்ப்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் நல்லது. எதுவானாலும், ஒரு பெயரைச் சேர்க்கும்போது அது யார் சொல்லித் தெரிந்தது என்பதையும் கூடவே எழுத வேண்டும். அதை எழுதாமல் வளரும் மரம் எவ்வளவு பெரிதானாலும் பிள்ளைக்கு எதையும் கற்றுத்தராது.

பெரியவர்களிடம் கேட்பது

ஐந்து வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. காரணத்தை ஒரு சின்ன உரையாடலைக் கொண்டு சொல்கிறேன். எங்கள் வீட்டில் மகள் தன் பாட்டியிடம் கேட்டது:

"பாட்டி, உங்க வீட்டுக்குக் கரண்ட் எந்த வருஷம் வந்துச்சு?"

"வருஷமெல்லாம் யாருக்குடி ஞாபகம் இருக்கு?"

"அப்பா பொறந்தப்ப இருந்துச்சா?"

"உங்க பெரியப்பா பொறந்தது அரிக்கேன் வெளிச்சத்துல. உங்க அப்பா பொறந்த ராத்திரி பல்பு எரிஞ்சுது. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு கண்ணு, மருத்துவச்சி அந்த பல்பையே பாத்துக்கிட்டு நின்னா."

பெரியப்பா பிறந்தது 1974. அப்பா பிறந்தது 1979. இரண்டுக்கும் பிறப்புச் சான்று இருக்கிறது. அப்படியானால் மின்சாரம் வந்தது அந்த ஐந்து ஆண்டு இடைவெளியில். தேதி தெரியாத ஒரு நிகழ்ச்சியைத் தேதி தெரிந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கட்டிப்போட்டுவிட்டாள் பிள்ளை. கல்வெட்டு ஆய்வாளரும் தொல்லியல் அறிஞரும் நாள்தோறும் செய்வது இதைத்தான். முன்னெல்லை எது, பின்னெல்லை எது என்று பார்த்து நடுவில் இறுக்குவது. பாட்டி "ஞாபகம் இல்லை" என்று சொன்னதோடு நிறுத்தியிருந்தால் இது கிடைத்திருக்காது. இரண்டாவது கேள்விதான் கொடுத்தது. அதற்குப் பிறகு வந்த கேள்விகள் தாமாக வந்தன: தெருவில் முதலில் யார் வீட்டுக்கு வந்தது, ஏன் அவர்களுக்கு முதலில், மின்சாரம் வந்தபின் பாட்டியின் வேலைநேரம் கூடியதா குறைந்ததா.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "அந்தக் காலத்துல எல்லாம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒரு காலம்" என்ற பெருமூச்சோடு முடிந்துவிடும். கைக்கு அகப்படும் ஒரு பொருளையோ ஒரு நாளையோ பிடித்துக் கேட்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் தூக்கினார்கள். பள்ளிக்கு எவ்வளவு நேரம் நடை, எந்த வகுப்போடு நின்றது, ஏன் நின்றது. முதல் சம்பளத்தை யார் கையில் கொடுத்தார்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் யாரிடம் போனார்கள். பிறந்து தங்காத குழந்தைகள் எத்தனை பேர். கடைசிக் கேள்வியைப் பிள்ளை கேட்க வேண்டாம். நாம் பக்குவமாகக் கேட்கலாம். ஆனால் பொதுச் சுகாதார வரலாற்றை அதைவிட நேராகச் சொல்லும் கேள்வி இல்லை.

இந்த வழிக்கு உளவியல் பக்கத்திலிருந்தும் ஆதரவு உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் இருவரும் 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தாத்தா பாட்டி வளர்ந்த இடம் தெரியுமா, அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா என்ற வகையிலான கேள்விகள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. இதைப் படித்துவிட்டு விடைகளை மனப்பாடம் செய்யவைக்கக் கூடாது. அந்த ஆய்வாளர்களே தகவலைவிட, கதை சொல்லியும் கேட்டும் பழகும் வீட்டுச் சூழலுக்குத்தான் முதலிடம் தருகிறார்கள்.

இதன் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். நினைவு நம்பத்தக்கது போலவே பேசும், பொய்யாகவும் இருக்கும். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. திரும்பத் திரும்பச் சொல்லும்போது கதை மெருகேறிவிடுகிறது, இரண்டு நிகழ்ச்சி ஒன்றாகிவிடுகிறது. அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்களில் ஒரு கதை உண்டு: "எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரி எங்கள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்." 1892 முதல் 1954 வரை சுமார் 1.2 கோடிப் பேர் அந்தத் தீவு வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள். ஆனால் அங்கிருந்த அதிகாரிகள் பெயர்களைப் புதிதாக எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்ட கப்பல் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பின்னாளில் தாங்களாகவே மாற்றிக்கொண்டவர்கள். அப்படியானால் அந்தக் குடும்பக் கதையைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. பெயர் மாற்றத்தை அதிகாரி தலையில் போட வேண்டிய தேவை அந்தக் குடும்பங்களுக்கு ஏன் வந்தது என்பது ஆவணத்தில் கிடைக்காத வரலாறு.

பெல்ஜியத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் யான் வான்சினா ஆப்பிரிக்க வாய்மொழி மரபுகளை ஆராய்ந்து ஒன்றைக் கவனித்தார். சமீபத்திய இரண்டு மூன்று தலைமுறைகளைப் பற்றி நிறையச் செய்தி இருக்கும். ஆதியில் எங்கிருந்து வந்தோம் என்பது பற்றியும் நிறையக் கதை இருக்கும். நடுவில் வெறுமை. தலைமுறைகள் நகர நகர அந்த வெறுமையும் கூடவே நகர்ந்து வரும் என்பதால் அதை மிதக்கும் இடைவெளி என்றார். உங்கள் வீட்டிலும் சோதித்துப் பாருங்கள். கொள்ளுத்தாத்தா வரை கதை இருக்கும். அதற்கு மேல் ஒரே தாவலில் "நம்ம முன்னோர் எங்கிருந்தோ குடிபெயர்ந்து வந்தவர்கள்" என்று முடிந்துவிடும்.

பாட்டி ஒன்று சொல்லி, பாட்டியின் தம்பி வேறொன்று சொன்னால் தீர்ப்பு வழங்க வேண்டியதில்லை. இரண்டையும் இரண்டு பத்தியில், சொன்னவர் உறவுமுறையோடும் கேட்ட தேதியோடும் பிள்ளை எழுதி வைக்கட்டும். முரண்பாடு கிடைத்த நாள் நல்ல நாள்.

படங்களும் காகிதங்களும்

நினைவைச் சோதிக்கும் உரைகல் இது. வீட்டில் என்ன இருக்கும்? கல்யாணப் புகைப்படம், பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு, கடிதம், கணக்கு நோட்டு. ஒரே ஒரு குடும்பப் படத்தை எடுத்துக்கொண்டாலே ஒரு வாரம் ஓடும். மடியில் இருக்கும் குழந்தை பிறந்த ஆண்டு தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது. பின்வரிசையில் நிற்பவர் இறந்த ஆண்டு தெரிந்தால் அதற்கு முந்தியது. மின்சாரத்துக்குச் செய்த அதே வேலைதான். பிறகு, யார் நாற்காலியில், யார் தரையில்? செருப்பு யார் காலில் இருக்கிறது? யார் படத்திலேயே இல்லை? இது எந்த நாளுக்காக எடுத்த படம்? படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கும்.

வீட்டுக்கு வெளியே உள்ள ஆவணங்கள் இன்னும் கனமானவை. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள அடையாளத் தழும்பு. வரி ஒன்றைப் படித்துவிட்டுப் பிள்ளையிடம் கேட்கலாம்: தழும்பை எதற்காக எழுதினார்கள்? ஓடிப்போனால் பிடிப்பதற்கு. ஒரே வரியில் ஒரு மனிதரின் ஊரும் கிடைக்கிறது, அவரைப் பதிவேடு எழுதியவர் எப்படிப் பார்த்தார் என்பதும் கிடைக்கிறது.

ஆவணம் பேசாமல் இருக்கும் இடமும் பாடம்தான். அமெரிக்காவில் 1850, 1860 ஆண்டுகளின் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். உரிமையாளர் பெயர் இருக்கும், அவருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். அடிமைகளின் பெயரை எழுதவில்லை. விடுதலைக்குப் பின் 1870 கணக்கெடுப்பில்தான் அவர்களில் பெரும்பாலோர் பெயர் முதன்முதலாக வருகிறது. ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்கள் முன்னோரைத் தேடும்போது அந்த ஆண்டில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 1931 கணக்கெடுப்பு 1942-இல் கிடங்கில் பிடித்த தீயில் முழுதும் எரிந்துபோனது. அது போர்க்காலம், ஆனால் அந்தத் தீக்குக் காரணம் குண்டுவீச்சு இல்லை. போர் காரணமாக 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆக 1921-க்கும் 1951-க்கும் நடுவே முப்பது ஆண்டு வெற்றிடம்.

சிக்கல் என்னவென்றால், இந்த வழி சின்னப் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும். பழைய கையெழுத்து, சட்டமொழி, மங்கிய மை. பத்து வயதுக்குக் கீழே படங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இன்னொன்று, எல்லா நாட்டிலும் தனிமனிதர் விவரம் திறந்து கிடைக்காது. அமெரிக்கக் கணக்கெடுப்பு 72 ஆண்டு கழித்தும், பிரிட்டனுடையது 100 ஆண்டு கழித்தும் திறக்கப்படுகின்றன. பல நாடுகளில் அதுவும் இல்லை. எனவே வீட்டுக் காகிதங்களை முதலில் நம்புங்கள்.

காலக்கோடு

தனியாக இதை ஒரு வழி என்று சொல்வதைவிட மற்றவற்றைத் தாங்கும் கொடிக்கயிறு என்று சொல்லலாம். கேட்டது, கண்டது எல்லாவற்றையும் இதில் தொங்கவிட வேண்டும். ஆண்டுக்கு 2 செ.மீ. என்று வைத்தால் நூறாண்டுக்கு 2 மீட்டர் தாள் போதும். மேலே குடும்பம், கீழே உலகம். 1918 இன்ஃபுளுவென்சா, 1929 பொருளாதார வீழ்ச்சி, 1939 முதல் 1945 வரை போர், 1969 நிலவில் கால் வைத்தது, 2020 கொரோனா. எல்லாவற்றையும் எழுத வேண்டாம். குடும்பத்தைத் தொட்டிருக்கக்கூடியதை மட்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. தாத்தாவின் கையில் இருக்கும் வட்டத் தழும்பைப் பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும். அது பெரியம்மைத் தடுப்பூசியின் தழும்பாக இருக்கலாம். பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி ஆள் 1977-இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். நோய் ஒழிந்துவிட்டது என்று 1980-இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. அதன்பிறகு பொதுமக்களுக்கு அந்த ஊசியே தேவைப்படவில்லை. பிள்ளையின் கையில் தழும்பு இருந்தால் அது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியுடையது. தாத்தாவின் தழும்பும் அதுவாக இருக்க வாய்ப்புண்டு, ஆகவே அவரிடமே கேட்க வேண்டும். காலக்கோட்டில் 1980-இல் ஒரு புள்ளி, தாத்தா ஊசி போட்ட ஆண்டில் ஒரு புள்ளி. பெரியம்மை ஒழிப்பு இப்போது தொட்டுப் பார்க்கும் தூரத்தில் வந்துவிட்டது.

ஒரே ஆண்டில் மேலும் கீழும் இரண்டு நிகழ்ச்சி வந்துவிட்டால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். கொள்ளுத்தாத்தா 1930-இல் ஊரைவிட்டுக் கிளம்பினார், எனவே பொருளாதார வீழ்ச்சிதான் காரணம் என்று. இருக்கலாம். சொந்தத் தகராறாகவும் இருக்கலாம். "நமக்கு யார் சொன்னார்கள்?" என்ற கேள்வியைக் காலக்கோட்டின் ஓரத்திலேயே எழுதி ஒட்டிவிடலாம்.

டி.என்.ஏ. சோதனை

பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. 'இத்தனை சதவீதம் இந்தப் பகுதி' என்று வரும் முடிவு, நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடுதான். மாதிரிகள் கூடினால் அதே உமிழ்நீருக்குச் சதவீதம் மாறும். உடன்பிறந்த இருவருக்கே வேறு வேறாக வரும். பிள்ளை கேள்வி கேட்கவோ சரிபார்க்கவோ அதில் இடமே இல்லை. அதைவிடப் பெரிய காரணம், கொடுத்த மரபணுவைத் திரும்ப வாங்க முடியாது. 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் நடந்த தகவல் திருட்டில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியேறின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. தன் மரபணுவை யாரிடம் கொடுப்பது என்பதைப் பிள்ளை பெரியவராகித் தானே முடிவு செய்யட்டும்.

பாடப்புத்தகத்தை விட்டுவிடலாமா?

கூடாது. குடும்ப வரலாறு எவ்வளவு உயிரோட்டமாக இருந்தாலும் அதன் எல்லை குறுகியது. நம் குடும்பம் போகாத இடங்கள், நம் குடும்பம் சார்ந்தவர்களால் பாதிக்கப்பட்டவர்கள், நமக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களின் நியாயம் ஆகியவை வீட்டுப் பெட்டியில் இருக்காது. பெரியவர்கள் எல்லோரும் தங்கள் தாத்தாவை நல்லவராகவே நினைவில் வைத்திருப்பார்கள். வீட்டிலிருந்து கிளம்பி வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவர வரைபடம் தேவை, அந்த வேலையைப் புத்தகம் செய்கிறது.

பதின்வயதினரிடம் வம்சாவளியின் இருண்ட பக்கத்தையும் பேச வேண்டும். 1933-இல் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அரசு வேலைக்குத் தாத்தா பாட்டி வரை 'ஆரிய' வம்சம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. மக்கள் தேவாலயப் பதிவேடுகளைத் தேடி அலைந்து முன்னோர் பெயரை ஒரு சிறு புத்தகத்தில் எழுதி முத்திரை வாங்கினார்கள். நாஜிகளின் எஸ்.எஸ். படையில் அதிகாரியாக வேண்டுமானால் 1750 வரை காட்ட வேண்டும். யூதப் பாட்டனோ பாட்டியோ இருந்தால் வேலை போனது; யூதர் என்று வகுக்கப்பட்டவர்களில் பலருக்குப் பின்னர் உயிரும் போனது. வடிவத்தில் அந்தப் புத்தகம் பள்ளிச் செயல்திட்டத்துக் குடும்ப மரத்தைப் போன்றதுதான். "நாங்கள் யார் வழி வந்தவர்கள் தெரியுமா" என்று தொடங்கும் பேச்சு எந்த வீட்டில் எழுந்தாலும் இதை நினைவுபடுத்தத் தயங்கக் கூடாது.

எதை எடுப்பது

ஆறு முதல் ஒன்பது வயது வரை படங்களும் பெரியவர் கதையும் போதும். ஆண்டு எண்களை வற்புறுத்த வேண்டாம். அம்மா பிறப்பதற்கு முன்பா, பின்பா என்ற அளவு போதும். பத்து முதல் பன்னிரண்டு வரை காலக்கோடு, எண்முறை மரம், பிள்ளையே கேள்வி தயாரித்துக் கேட்கும் நேர்காணல். பதின்மூன்றுக்கு மேல் ஆவணம், முரண்பட்ட இரு கூற்றுகளை ஒப்பிடுவது, ஆவணம் ஏன் மௌனமாக இருக்கிறது என்ற கேள்வி. மரத்தை எந்த வயதிலும் வைத்துக்கொள்ளலாம், கண்டதைக் கோத்துவைக்கும் அட்டவணையாக மட்டும்.

தத்தெடுத்த பிள்ளை, பெற்றோர் பிரிந்த வீடு, போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பம் ஆகிய இடங்களில் மரம் வரையும் வேலை காயத்தைக் கிளறும். பிள்ளைக்குக் காலிப்பெட்டிதான் கண்ணில் படும். அங்கே இரத்த உறவைத் தொடாமல், பிள்ளை அன்பு வைத்திருக்கும் ஒரு பெரியவரைத் தேர்ந்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுத் தாத்தாவாக இருந்தாலும் சரி, பழைய ஆசிரியராக இருந்தாலும் சரி. கேட்கும் முறையும் சரிபார்க்கும் முறையும் மாறுவதில்லை. பேச விரும்பாத பெரியவரையும் வற்புறுத்தக் கூடாது. அவர் "வேண்டாம்" என்று சொன்னதையும் தேதி போட்டு எழுதிவைத்துவிட்டு விட்டுவிடலாம். சிலர் ஒரு வருஷம் கழித்துத் தாமே கூப்பிட்டுச் சொல்வார்கள்.

வாரத்தில் ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும், ஒன்றை மட்டும் எடு என்றால் பெரியவரிடம் கேட்பதைத்தான் எடுப்பேன். மற்ற எல்லாவற்றுக்கும் காத்திருக்க நேரம் இருக்கிறது. அமெரிக்காவின் 1960 கணக்கெடுப்பு 2032-இல் திறக்கும், பத்திரம் பெட்டியில் கிடக்கும், மென்பொருள் இன்னும் நன்றாக வரும். எண்பது வயதுக்காரரின் நினைவு அப்படிக் காத்திருக்காது. கைபேசியில் குரல்பதிவு போதும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம், அவர் களைத்துவிடுவார். பதிவின் தொடக்கத்தில் பிள்ளை தேதியையும் இடத்தையும் யாரிடம் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். அன்றைக்கே இன்னொரு கருவியிலும் ஒரு நகல் எடுத்து, கோப்பின் பெயரில் தேதி, உறவுமுறை, பேசிய பொருள் மூன்றையும் போட்டு வையுங்கள். முழுவதையும் எழுத்தில் கொண்டுவர நேரமில்லையென்றால், எத்தனையாவது நிமிடத்தில் எதைப் பற்றிப் பேசினார் என்று ஒரு பக்கக் குறிப்பு மட்டும் பிள்ளை எழுதினால் போதும்.